அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களின் விளம்பர ஒப்பந்தமும் கல்லூரி மாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் டென்னிஸோ கூடைப்பந்தோ வாலிபாலோ விளையாடுகிற வீடுகளில் இப்போது இரண்டு பேச்சு ஓயாமல் அடிபடுகிறது. ஒன்று பணம், இன்னொன்று வேறு கல்லூரிக்கு மாறுவது. தெரிந்தவர்கள் வாட்ஸாப்பில் கேட்டவற்றுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுதியதைச் சேர்த்து இங்கே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். 2025-26 கல்வியாண்டின் நிலவரம் இது. பணத்தையும் மாற்றத்தையும் வேறு வேறாக நினைக்காதீர்கள். இன்றைய ஒப்பந்தங்களில் இரண்டும் ஒரே தாளில்தான் இருக்கின்றன, சிக்கலும் அங்கேதான் வருகிறது.

என்.ஐ.எல். என்கிறார்களே, அது என்ன?

பெயர், உருவம், சாயல் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. ஒரு வீராங்கனையின் பெயரைப் போட்டு டி-ஷர்ட் விற்றாலும், அவர் படத்தைப் போஸ்டரில் அச்சடித்தாலும், அவர் இன்ஸ்டாகிராமில் ஒரு ஷூவைக் காட்டிப் பேசினாலும் அதற்கான காசு அவருக்குச் சேர வேண்டும் என்பதுதான் விஷயம். சினிமா நடிகருக்கும் கிரிக்கெட் வீரருக்கும் எப்போதும் இருக்கும் உரிமை. அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்கு மட்டும் 2021 ஜூலை 1 வரை இல்லை.

அதுவரை ஏன் கொடுக்கவில்லை?

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 1906-இல் தொடங்கிய அமைப்பு. "இவர்கள் மாணவர்கள், தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்ல, ஸ்காலர்ஷிப்புக்கு மேல் ஒரு காசு வாங்கக்கூடாது" என்பது அதன் கொள்கை. அதே வேளையில் தொலைக்காட்சி ஒளிபரப்பில் கோடிக்கணக்கான டாலர் வந்தது. கோச்சுகளுக்குக் கோடிகளில் சம்பளம் போனது. மைதானத்தில் முட்டி உடைத்துக்கொண்ட பையன் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பத்து டாலர் வாங்கினால் குற்றம். என் பார்வையில் இது பச்சையான அநியாயம். அது முடிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

முடிந்த கதை இப்படி. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், வீடியோ கேம் ஒன்றில் தன்னைப் போலவே ஒரு ஆட்டக்காரர் ஓடுவதைப் பார்த்தார். அதற்காக அவருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. 2009-இல் வழக்குப் போட்டார், 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். 2019-இல் கலிஃபோர்னியா மாநிலம் வீரர்களின் உரிமைக்குத் தனிச் சட்டமே போட்டது. 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம், ஆல்ஸ்டன் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அது கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றிய வழக்குதான். ஆனால் அடி எங்கே விழும் என்று என்.சி.ஏ.ஏ.வுக்குப் புரிந்துவிட்டது. பத்தே நாளில் கதவைத் திறந்தார்கள்.

திறந்த முதல் நாளே ஹேலி, ஹானா கேவிண்டர் என்ற இரட்டையர், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கூடைப்பந்து வீராங்கனைகள், பூஸ்ட் மொபைல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். மறு ஆண்டு இருவரும் மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள். அந்த மாற்றத்துக்கு முன், பணக்கார ஆதரவாளர் ஒருவரை அவர்கள் சந்திக்க மயாமி கோச் உதவியதால், கோச்சுக்கு மூன்று ஆட்டத் தடை கிடைத்தது. விளம்பரப் பணமும் கல்லூரி மாற்றமும் தொடக்கத்திலிருந்தே கைகோத்துத்தான் வந்திருக்கின்றன.

இப்போது கல்லூரியே காசு கொடுக்கிறதாமே, உண்மையா?

உண்மை. 2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன் 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தை ஏற்றார். அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் வந்த வழக்கு. இரண்டு முக்கிய விளைவுகள். 2016 முதல் விளையாடியவர்களுக்கு நிலுவையாக சுமார் 280 கோடி டாலர், பத்து ஆண்டுகளில் பிரித்துத் தரப்படும். அப்புறம், சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகள் 2025 ஜூலை 1 முதல் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை நேரடியாக வீரர்களுக்குத் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2.05 கோடி டாலர்.

"தரலாம்" என்றுதான் இருக்கிறது, "தர வேண்டும்" என்று இல்லை. பெரிய கல்லூரிகளில் இந்தப் பணத்தில் முக்கால் பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கே போகிறது (இனி இங்கே கால்பந்து என்றால் அதுதான்), மிச்சத்தில் பெரும்பகுதி ஆண்கள் கூடைப்பந்துக்கு. டென்னிஸ், நீச்சல், தடகளம் எல்லாம் கடைசிப் பந்தி.

இதன் இன்னொரு பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. கால்பந்தில் அது 105. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் அணியில் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலருக்கு இதனால் இடம் போனது.

என் மகளுக்கு எவ்வளவு கிடைக்கும்?

செய்தியில் வரும் தொகைகளை மறந்துவிடுங்கள். ஐயோவாவில் ஆடிய கெய்ட்லின் கிளார்க்குக்கு நைக்கியும் கேட்டரேடும் வந்தன, லூயிசியானா ஸ்டேட் ஜிம்னாஸ்ட் ஒலிவியா டன்னுக்குப் பெரும் ரசிகர் கூட்டம் இருந்தது. அவர்கள் விதிவிலக்கு. மற்றப் பெரும்பாலோருக்கு வருவது உள்ளூர் உணவகத்தில் இலவசச் சாப்பாடு, ஒரு ஜோடி ஷூ, சில நூறு டாலர். அதிலும் அழகான கதைகள் உண்டு. நெப்ராஸ்கா அணியில் டீகோல்டெஸ்ட் க்ராஃபோர்ட் என்றொரு வீரர். 'மிகக் குளிர்ந்த' என்று பொருள்படும் பெயர். 2022-இல் அவரை உள்ளூர் ஏ.சி. கம்பெனி ஒன்று தேடி வந்து விளம்பரத்தில் போட்டது. பெரிய நட்சத்திரமாக இல்லாவிட்டாலும், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருந்தால் வழி இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாமா?

முன்பு கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. ஆதரவாளர்கள் சேர்ந்து 'கலெக்டிவ்' என்ற பெயரில் நிதி திரட்டி, பெயருக்கு ஒரு விளம்பரத்தைக் காட்டி, உண்மையில் ஆடுவதற்கே சம்பளம் கொடுத்தார்கள். இப்போது, டிவிஷன் 1 (என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டப் பிரிவு) வீரர் கல்லூரிக்கு வெளியே உள்ளவரோடு போடும் 600 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை ஐந்து வேலை நாட்களுக்குள் 'என்.ஐ.எல். கோ' என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். அதைக் கவனிப்பது காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்ற புதிய அமைப்பு. கல்லூரியோடு தொடர்புள்ள கலெக்டிவோ ஆதரவாளரோ தரும் பணம் என்றால், உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா, தொகை சந்தை நிலவரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பதியாமல் விட்டால் ஆடும் தகுதிக்கே ஆபத்து. சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள். ஒரே ஆள் தவணை தவணையாகக் கொடுப்பது கூட்டினால் 600 தாண்டும்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துப் படிக்க வேண்டும்?

முதலில் கால அளவு. "எப்போதைக்கும்" என்ற பொருளில் ஏதாவது சொல் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஃப்ளோரிடாவில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-இல் ஒரு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தொழில்முறைக் கால்பந்தில் தான் சம்பாதிப்பதில் 15 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். வரிக்கு முந்திய சம்பளத்தில் 15 சதவீதம். அடுத்த ஆண்டே சிகாகோ பேர்ஸ் அணி அவரைச் சுமார் 67 லட்சம் டாலருக்கு நான்காண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நான்கு ஆண்டுக்கே பத்து லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க வேண்டும், இன்னும் 21 ஆண்டு பாக்கி. 2023-இல் அவர் நீதிமன்றத்துக்குப் போனார். இருபது வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு முதல் தொகை மட்டும்தான் தெரியும். அந்த 25-ஐப் பார்ப்பது பெரியவர்களின் வேலை.

அடுத்தது, பிரத்தியேக உரிமை. ஒரு எனர்ஜி பார் கம்பெனியோடு கையெழுத்திட்டு "வேறு எந்த உணவுப் பொருளுக்கும் விளம்பரம் செய்யமாட்டேன்" என்று ஒப்புக்கொண்டால், நாளை வரும் பெரிய வாய்ப்பு கைநழுவும். கல்லூரிக்கு நைக்கி ஸ்பான்சர் என்றால் ஆட்டத்தில் அடிடாஸ் போட முடியாது. சூதாட்டம், மது, புகையிலை விளம்பரங்களைப் பல மாநிலங்களும் கல்லூரிகளும் தடுத்திருக்கின்றன.

அப்புறம் கல்லூரிச் சின்னம். என் உறவுக்காரர் மகள் வாலிபால் ஆடுகிறாள். ஊர்க் கடைக்காரர் ஒருவர் 300 டாலர் தருவதாகச் சொல்லி, கடை வாசலில் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தார். ஒன்றரைப் பக்க ஒப்பந்தம். சமையலறை மேசையில் அதை விரித்துவைத்து வரிவரியாகப் படித்தோம். "கல்லூரிச் சீருடையில்" என்ற இரண்டே சொற்கள் நாலாவது பத்தியில் இருந்தன. சீருடையும் சின்னமும் கல்லூரிக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் தொடக்கூடாது. கடைக்காரரிடம் சொன்னோம், நல்ல மனிதர், சாதாரண டி-ஷர்ட்டில் மறுபடி எடுத்தார். படிக்காமல் விட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

கடைசியாக, யார் எப்போது ரத்து செய்யலாம்? காயம்பட்டால் பணம் நிற்குமா? கல்லூரி மாறினால் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் எழுத்தில் பதில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

கோச் வாயால் சொன்ன தொகையை நம்பலாமா?

கூடாது. 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸ் நெவாடா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் (கால்பந்தில் ஆட்டத்தை நடத்தும் வீரர்) மேத்யூ ஸ்லூக்கா மூன்றே ஆட்டத்தோடு விலகினார். மூன்றிலும் அணி வென்றிருந்தது. உதவிக் கோச் ஒருவர் 1,00,000 டாலர் தருவதாக வாய்மொழியாகச் சொன்னார், வரவில்லை என்றது அவர் தரப்பு. கல்லூரி மறுத்தது. எழுத்தில் எதுவும் இல்லை.

எழுத்தில் இருந்தாலும் கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். ஜேடன் ரஷாடா என்ற பள்ளி மாணவருக்கு, ஃப்ளோரிடா ஆதரவாளர்களின் கலெக்டிவ் ஒன்று 1.385 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது, பிறகு ரத்து செய்தது. அவர் ஃப்ளோரிடாவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2024-இல் கோச் உட்பட சிலர் மீது வழக்குப் போட்டார்.

ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாமா?

விளம்பர ஒப்பந்தத்துக்கு வைக்கலாம். பல மாநிலங்களில் ஏஜென்ட் பதிவு செய்திருக்க வேண்டும், அதைச் சரிபாருங்கள். கமிஷனையும் கவனியுங்கள். தொழில்முறைக் கால்பந்தில் ஆட்டச் சம்பளத்துக்கு ஏஜென்ட் கமிஷன் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கல்லூரி விளம்பரத்துக்கு அப்படி வரம்பு கிடையாது, 10 முதல் 20 வரை கேட்கிறார்கள். சில நூறு டாலர் ஒப்பந்தத்துக்கு ஏஜென்ட் தேவையே இல்லை, ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் வாங்கும் வக்கீல் போதும்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பது என்ன?

2018 அக்டோபரில் தொடங்கிய ஒரு தகவல் பட்டியல், அவ்வளவுதான். மாற விரும்பும் வீரர் தன் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு வேலை நாட்களுக்குள் அவர்கள் பெயரைப் பதிய வேண்டும். பெயர் ஏறியதும் மற்றக் கல்லூரிக் கோச்சுகள் பேசலாம். முன்பெல்லாம் பழைய கோச்சின் அனுமதி வேண்டும், கோபக்காரக் கோச் என்றால் இழுத்தடிப்பார். இப்போது அனுமதி வேண்டாம், தெரிவித்தால் போதும்.

எப்போது வேண்டுமானாலும் ஏற முடியாது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் சில நாட்கள்தான் கதவு திறந்திருக்கும். கால்பந்துக்கு 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை. உங்கள் விளையாட்டுக்கான நாட்களை அலுவலகத்தில் கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள், இந்தத் தேதிகள் அடிக்கடி மாறுகின்றன.

எத்தனை முறை மாறலாம்? ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டாமா?

பழைய விதியில் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி வீரர்கள் மாறினால் ஒரு வருடம் பெஞ்சுதான். 2021-இல் முதல் மாற்றத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் பல மாநிலங்கள் சேர்ந்து போட்ட வழக்கில் மேற்கு வர்ஜீனியா நீதிமன்றம் இரண்டாவது மாற்றத்துக்கான தடையையும் நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. விதியையே மாற்றியது. படிப்பில் தகுதி இருந்தால், இப்போது எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் என்ற கணக்கு மட்டும், கல்லூரி மாறினாலும், ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பெயர் போட்டுவிட்டு மனம் மாறினால்?

பெயரை எடுத்துவிடலாம். ஆனால் பழைய கல்லூரி உங்களைத் திரும்ப ஏற்க வேண்டிய கட்டாயமில்லை, நடப்புப் பருவம் முடிந்ததும் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம். போர்ட்டலில் ஏறுகிற எல்லாருக்கும் புது இடம் கிடைப்பதில்லை. கோபத்தில் எடுக்கும் முடிவுகளில் இதைவிட ஆபத்தானது குறைவு. தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் பிள்ளை போன் செய்து "மாறப்போகிறேன்" என்றால், ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாறினால் என்ன ஆகும்?

எல்லாரும் இதைத்தான் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. மாறும் உரிமை என்பது என்.சி.ஏ.ஏ. விதி. ஒப்பந்தம் என்பது மாநிலச் சட்டம். விதி உங்களைப் போக விடும், ஒப்பந்தம் பின்னாலேயே வந்து பணம் கேட்கும்.

டேமன் வில்சன் என்ற தடுப்பாட்டக் கால்பந்து வீரரின் வழக்கைப் பாருங்கள். 2024 டிசம்பரில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆதரவுக் கலெக்டிவோடு 14 மாதத்துக்கு 5 லட்சம் டாலர் ஒப்பந்தம். மாதம் 30,000, கூடுதலாக 40,000 வீதம் இரண்டு போனஸ். ஒரு மாதத் தவணை வாங்கியதும் மிசௌரிக்கு மாறினார். நடுவில் போனால் மிச்ச மாதங்களின் தொகையை இழப்பீடாகத் தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. மிச்சம் 13 மாதம், ஆக 3,90,000 டாலர். வாங்கியது 30,000, கேட்கப்படுவது அதைப்போல 13 மடங்கு. 2025-இல் ஜார்ஜியா தரப்பு அதைக் கேட்டு நீதிமன்றம் ஏறியது, அவர் எதிர்வழக்குப் போட்டார். இந்தப் பிரிவு செல்லுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். வக்கீல் செலவையும் தூக்கமில்லாத இரவுகளையும் எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

சேவியர் லூகாஸ் என்ற கால்பந்து வீரரின் கதை வேறு விதம். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரோடு போட்ட வருமானப் பங்கு ஒப்பந்தத்தைக் காட்டி, போர்ட்டலில் பெயரைப் பதிய மறுத்தது. அவர் அங்கே படிப்பை விட்டு, சாதாரண மாணவர் போல மயாமியில் சேர்ந்து ஆடினார். விஸ்கான்சின் 2025 ஜூனில் வழக்குப் போட்டது, வீரர் மீது அல்ல, மயாமி மீது. சில ஒப்பந்தங்களில் இந்த இழப்பீட்டைப் புதுக் கல்லூரியே கட்டும் ஏற்பாடும் இருக்கிறது. கையெழுத்திடும் முன்பே இதைப் பேசி எழுதிவாங்குங்கள்.

போர்ட்டலில் ஏறும் முன்பே வேறு கோச் பேசலாமா?

கூடாது. அது விதிமீறல். மூன்றாவது ஆள் மூலம் நடக்காமலும் இல்லை. அப்படி யாராவது அழைத்தால் பிள்ளை எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மாறினால் படிப்பு பாதிக்குமா?

பெரும்பாலும் பாதிக்கும். டிவிஷன் 1-இல் இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டத்தில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும். புதுக் கல்லூரி பழைய பாடங்களில் பலவற்றை ஏற்காமல் போகலாம். பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு மிகவும் உதைக்கும். எந்தெந்தப் பாடம் ஏற்கப்படும் என்ற பட்டியலை வாங்கிப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

வரி உண்டா?

உண்டு. விளம்பரப் பணம் சுயதொழில் வருமானம். நிகர வருமானம் 400 டாலர் ஆனாலே 15.3 சதவீதச் சுயதொழில் வரி உண்டு, வருமான வரி தனி. யாரும் பிடித்தம் செய்து தரமாட்டார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாமே கட்ட வேண்டும். இலவசக் கார், இலவசத் துணி எல்லாமும் வருமானக் கணக்கில் வரும். வந்ததில் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் இருங்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் அரசு உதவித்தொகையும் இதனால் குறையலாம்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் போன பிள்ளை இதெல்லாம் செய்யலாமா?

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பிள்ளைகள் இந்த வழியில் போகிறார்கள். இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடிய மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். என்.சி.ஏ.ஏ. அனுமதித்தாலும் குடியேற்றச் சட்டம் வேறு. எஃப்-1 மாணவர் அனுமதியில்லாமல் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக்கூடாது. அமெரிக்க மண்ணில் நின்று விளம்பரப் படம் எடுப்பதும், காசுக்குப் பதிவு போடுவதும் வேலையாகக் கருதப்படலாம். விசா போனால் ஆட்டமும் படிப்பும் சேர்ந்தே போகும். கனடாவைச் சேர்ந்த ஸாக் ஈடி 2023, 2024 இரண்டு ஆண்டும் தேசத்தின் சிறந்த கூடைப்பந்து வீரர் விருது பெற்றார். அவராலும் சக வீரர்களைப் போல விளம்பரம் செய்ய முடியவில்லை.

நாட்டுக்கு வெளியே செய்யும் வேலைக்கு இந்தத் தடை அதே வகையில் பொருந்தாது. கென்டக்கி அணியின் காங்கோ நாட்டு வீரர் ஆஸ்கர் ஷீப்வே 2022 ஆகஸ்டில் அணியோடு பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கே முடித்துக்கொண்டார். விடுமுறையில் சென்னை வரும் பிள்ளை இங்குள்ள கம்பெனிக்கு இங்கேயே படம் எடுத்துக் கொடுப்பதும் அந்த மாதிரிதான். ஆனாலும் குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கல்லூரி மாறும்போது போர்ட்டலில் பெயர் ஏறினால் விசாப் பதிவு தானாக மாறாது. செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பதிவைப் பழைய கல்லூரி விடுவித்து, புதுக் கல்லூரி புது ஐ-20 (விசாவுக்கான சேர்க்கைச் சான்று) தர வேண்டும். சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நேரில் போய் முடிக்க வேண்டிய தனி வேலை அது.

பள்ளி மாணவர்களும் ஒப்பந்தம் போடலாமா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன, பள்ளிச் சின்னத்தைப் பயன்படுத்தத் தடை உண்டு. பதினெட்டு ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

அப்படியானால் இவர்கள் கல்லூரியின் ஊழியர்களா?

இன்னும் இல்லை. டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி 2024 மார்ச்சில் 13-2 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைக்க முடிவெடுத்தது, அந்த ஆண்டு முடிவில் மனுவைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஜூலையில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், சில வீரர்களை ஊழியர்களாகக் கருத இடமுண்டு என்றது. வேலைக்கான பாதுகாப்பு எதுவும் கையில் இல்லாமல் வேலைக்கான கண்டிப்புகள் மட்டும் ஒப்பந்தத்தில் ஏறியிருப்பதுதான் என் கவலை.

கையெழுத்திடும் முன் யாரிடம் காட்டுவது?

கல்லூரியின் விதிமுறை அலுவலகம் இலவசமாகப் பார்க்கும், ஆனால் அவர்கள் கல்லூரிக்காக வேலை செய்பவர்கள். கல்லூரியே தரும் வருமானப் பங்கு ஒப்பந்தத்தை அவர்களிடம் மட்டும் காட்டி முடிவெடுக்கக் கூடாது. அந்த மாநிலத்தில் உரிமம் உள்ள, உங்கள் பக்கம் மட்டும் நிற்கும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். சில சட்டக் கல்லூரிகளில் மாணவர்களுக்கான இலவச ஆலோசனை மையங்கள் உண்டு, அங்கேயும் கேட்கலாம். "இன்று இரவுக்குள் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், ஒப்பந்தத்தின் நகலை அனுப்பச் சொல்லிவிட்டு நாளைக் காலை பேசுகிறேன் என்று போனை வையுங்கள்.